போராம் சொன்ன எட்டு 'நே'

குக் போராம் நிர்வாகப் பட்டம் வாங்கிய வருடம்தான் கொரோனா நோய் வந்து கொரியாவின் பூசான் நகரமே கதவைச் சாத்திக்கொண்டது. ஆள் எடுப்பதும் நின்றுபோனது. மூன்று வருடம் தெருமுனைக் கடையில் கல்லாவில் நின்றபடியே ஆங்கிலச் சான்றிதழ், சீனச் சான்றிதழ், கணக்குப்பதிவுச் சான்றிதழ் என்று வாங்கிக் குவித்தாள். ஒரே அறையில் கூடத் தங்கியிருக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

"எடைக்குப் போட்டா பன்றிக்கறியாவது சுட்டுத் திங்கலாம்டி" என்பேன்.

"போங்க அக்கா, உங்களுக்குப் பொறாமை!"

இருபத்தெட்டு வயதைத் தாண்டினால் புது ஆள் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அப்போதுதான் முகப்பூச்சு செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழ் எதுவும் வேண்டாமாம். வியட்நாமில் இருக்கும் அவர்கள் தொழிற்சாலை மேலாளரோடு இருபது நிமிடம் காணொளியில் பேசி, தாமதமான சரக்குக்கு ஒரு வழி செய்ய வேண்டுமாம். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"இதை எந்தப் பாடத்துலயும் சொல்லித் தரலையே அக்கா!" என்று அலறினாள்.

அந்த நாளும் வந்தது. நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், கேமராவில் விழாமல் குந்தியிருந்தேன். மேலாளர் தோவான் புத்தகத்தில் படித்த கொரிய மொழியில் பேசினார். இயந்திரம் பழுது என்றார். "நே" என்றாள் போராம்; எங்கள் பேச்சில் 'ஆமாம்' என்று அர்த்தம். உதிரிபாகம் வரவில்லை என்றார். "நே, நே." இன்னும் நாலு காரணம் சொன்னார், நாலுக்கும் ஒவ்வொரு "நே". சரக்கு பத்து நாள் தள்ளிப்போகும் என்றார். "நே." பெரியவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதையா? எங்களுக்கு இடையிடையே 'நே' சொல்வது மூச்சு விடுகிற மாதிரி.

"ரொம்ப நன்றி. அப்போ பத்து நாள்னு முடிவாயிடுச்சு" என்று சிரித்தார் தோவான்.

போராம் முகம் வெளிறிப் போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன்.

"சார், ஒரு நிமிஷம். தப்பு என்னோடது" என்றாள் அவள். "நான் எட்டு தடவை 'நே' சொன்னேன். ஒரு தடவைகூட சம்மதம்னு சொல்லல. 'சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்'னுதான் சொன்னேன்."

தோவான் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பதினோரு வருஷமா உங்காளுங்க எல்லாத்துக்கும் 'நே'ன்னுட்டு மறுநாள் சண்டைக்கு வர்றாங்கம்மா. ஏன்னு இப்பதான் புரியுது!"

அப்புறம் என்ன வேகம்! தயாராக இருக்கும் பாதிச் சரக்கு வெள்ளிக்கிழமை, மீதி எப்போது, யார் யாருக்குச் சொல்வது என்று இருவரும் பார்க்கும்படி திரையிலேயே எழுதினாள். அவர் ஒரு வரியைத் திருத்தினார்.

தேர்வுக் குழுவில் இருந்த பியோன் என்ற மேடம் திரையில் வந்தார். "தேர்வுக்கு வந்த மத்த மூணு பேரும் இப்படி நடுவுல நிறுத்தல, மன்னிப்பும் கேக்கல. தெரியுமா?"

போராம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அவங்க 'நே' சொல்லலையா மேடம்?"

"ஒருத்தர் பதினேழு தடவை சொன்னாரு. மூணு பேரும் பத்து நாளுக்கு ஒத்துக்கிட்டதே தெரியாம நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வர முடியுமா?"

போராம் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். எனக்கா பொறுமை?

"வருவா மேடம், எட்டு மணிக்கே வருவா!" என்று கத்திக்கொண்டு கேமராவுக்கு முன்னால் பாய்ந்தேன்.