குறி போடாத ரோலர்

என் அக்காள் செவ்வந்தியின் கணவர் நெடுமாறனைப் பற்றி நடுநிலையோடு எழுத என்னால் இயலாது. எனவே அதற்கு முயலவில்லை. தேதிகளை மட்டும் சரியாகத் தருகிறேன்.

அவர் 1980இல் முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவர். பெற்றோர் பிறருடைய முந்திரித் தோப்புகளில் கூலி வேலை செய்தனர். 2003இல் நெய்வேலிச் சுரங்கத்தில் ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டின் பக்கத்திலேயே இரண்டு கிலோமீட்டர் நடந்து, அதன் அடியில் சுழலும் ரோலர்களைக் கவனிப்பது அவர் பணி. பேரிங் தேய்ந்த ரோலரின் ஓசை மாறும். உடனே அதைத் தாங்கும் சட்டத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, ஷிஃப்ட் புத்தகத்தில் எண்ணை எழுத வேண்டும். பெல்ட் நிற்கும் நேரத்தில் ஃபிட்டர்கள் அதை மாற்றிவிடுவார்கள். மற்றவர்கள் புகை வந்த பிறகு கண்டுபிடித்ததை இவர் பத்தடி தொலைவிலேயே காதால் கண்டுபிடித்தார். அவரிடம் நான் ஒப்புக்கொள்ளும் திறமை அது ஒன்றுதான்.

2014 ஜனவரியில் பத்தாண்டு முடித்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியல் ஒன்று வந்தது. பட்டியல் உறுதியானால் சம்பளம் கூடும், மருத்துவ உதவி கிடைக்கும், பெர்மனெண்ட் ஆவதற்கும் வழி திறக்கும். பத்தொன்பதாவது பெயர் இவருடையது. டவுன்ஷிப் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ், அக்காள் பதினோரு கோடைகளைக் கழித்தது அந்தப் பெயருக்காகத்தான்.

அதைக் கெடுத்தது ஒரு மெமரி கார்டு.

மெயின் பஜாரில் அப்ரார் என்பவர் நடத்தும் செல்போன் கடையில் 2012இல் நெடுமாறன் அந்தக் கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டார். பயிற்சிக்கு வந்திருந்த வடநாட்டுப் பொறியாளர் ஒருவர் அந்தக் கடைக் கணினியில் விட்டுப்போன வெளிநாட்டு இசையும் தவறுதலாக அதில் ஏறிவிட்டது. அன்று முதல் அவர் கேட்டது அதை மட்டும்தான். ஃபங்க் என்றும் ஜாஸ் ஃப்யூஷன் என்றும் அந்த வகைக்குப் பெயர். மொத்தம் முப்பத்தேழு கோப்புகள். நான் எல்லாவற்றையும் கேட்டுக் குறிப்பெடுத்தேன். மனிதக் குரல் வரும் இடங்கள் நான்கு. நான்கிலும் சொல் கிடையாது, கத்தல் மட்டுமே. பேஸ் கிட்டார்க்காரர் கம்பியை மீட்டுவதில்லை, கட்டைவிரலால் அறைகிறார். டிரம்ஸ்காரர் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே பத்துச் சில்லறை அடிகளைத் திணிக்கிறார். பித்தளைக் குழல்கள் சண்டைக்கு வந்தவர்களைப் போல நடுவில் புகுந்து வெளியேறுகின்றன. எங்கும் போய்ச் சேராத அவசரம் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் கருத்து இன்றும் மாறவில்லை.

அக்காள் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "அரைமணி நேரமா தட்டிகினே இருக்கானுங்க. எப்பதான் பாடுவானுங்க?"

"பாடமாட்டாங்க செவ்வந்தி. அவ்ளோதான் அது" என்றார் அவர்.

"அப்ப எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்? சாமி வரப்போவுதா?"

அதில் அவருக்கு என்ன இருக்கிறது என்று நானும் ஒருமுறை கேட்டேன். பதிலை அன்றே எழுதி வைத்தேன்.

"பாட்டுன்னா ஒருத்தன் அழுவுறான், இல்லாட்டி கொஞ்சுறான், மச்சான். நம்மளும் சேந்து அழுவணும். இதுல யாரும் என்ன ஒண்ணும் கேக்கல. அஞ்சு பேரு வேல செய்யுறானுங்க. அதுல ஒருத்தன் வேணும்னே துளி லேட்டா வரான். ஆனா ஷிஃப்ட் கெடல பாத்தியா? அவன் லேட்டா வரதாலதான் மத்தவன் வேலயே ருசிக்குது. நீ எம்.ஏ. படிச்சிருக்க, இது புரியலியா?"

"புரியல மாமா. நீங்க லேட்டா போனா உங்களுக்குச் சம்பளம் புடிப்பாங்க. அது புரியுது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் மூன்றாம் தேதி, முதல் ஷிஃப்டில், 214ஆம் எண் ரோலர் தட்டத் தொடங்கியது. பெல்ட்டின் இணைப்பு ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் ஓர் அடி விழும். அதற்குத் துளி தாமதமாக, தேய்ந்த பேரிங்கின் சொந்த அடி விழும். வேறு எந்த ரோலராக இருந்தாலும் அவர் அன்றே குறி போட்டிருப்பார். இதற்குப் போடவில்லை. குறி போட்டால் மாற்றிவிடுவார்கள் அல்லவா? நாள்தோறும் அதன் அருகே நின்று கேட்டார்; தடையை மீறிச் செல்போனில் பதிவும் செய்தார். அந்தப் பதிவுகளைப் பின்னர் நானே பார்த்தேன். பதினோரு கோப்புகள், பதினோரு தேதிகள், ஒன்றுகூட விடுபடவில்லை.

பதினான்காம் தேதி ரோலர் இறுகி நின்றது. அதன் தேய்ந்த விளிம்பு பெல்ட்டை நாற்பது மீட்டர் நீளத்துக்குக் கிழித்தது. யாருக்கும் காயமில்லை. பெல்ட் ஐந்து மணி நேரம் நின்றது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலை நான் எழுதினேன், அவருக்காக அல்ல, அக்காளுக்காக. பெல்ட்டின் பேரிரைச்சலில் அந்த ரோலரின் ஓசை தனியாகக் கேட்கவில்லை என்பதே கடிதத்தின் சாரம். பதிவுகளை அழித்துவிடச் சொன்னேன். அழிக்க மறுத்தார். கையெழுத்தை மட்டும் போட்டார்.

விசாரணை நாளன்று நான் ஒப்பந்ததாரரின் அலுவலக வராந்தாவில், திறந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சுரங்கப் பொறியாளர் ஒருவரும் சூப்பர்வைசர் ஜெயராமனும் இருந்தார்கள்; அவர்கள்முன் நெடுமாறன் நின்றார். பொறியாளர் கடிதத்தைப் படித்தார். "சரி, இயந்திரக் கோளாறுதான். எச்சரிக்கையோட விட்டுடலாம். பட்டியல்ல கை வைக்க வேணாம்" என்றார்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஜெயராமன் கடிதத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "பதினோரு வருசமா காதுல கேட்டே புடிச்சிடுவேன்னு பீத்திகினு இருந்தியே, நெடுமாறா. இப்ப என்னடான்னா கேக்கலன்னு எழுதியிருக்க. செவுடனுக்கா நாங்க பெல்ட்டு குடுத்து வெச்சிருந்தோம்?"

தலையைக் குனிந்து நின்றால் போதும். நெடுமாறன் நிமிர்ந்தார்.

"யாருக்கு சார் செவுடு?"

"உனக்குத்தான். நீதான எழுதியிருக்க!"

"அது மச்சான் எழுதுனது. எனக்கு மொத நாளே கேட்டுச்சு. மூணாந்தேதி, டீ குடிச்சிட்டுத் திரும்புறப்ப."

வராந்தாவில் நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே அவர் மேசைமேல் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இடது கை பெல்ட் இணைப்பு, வலது கை பேரிங். "இது ஜாயிண்ட்டு. இந்தா, இதுதான் 214. எட்டு நாளைக்கு இப்படி இருந்துச்சு. ஒம்போதாம் நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்துச்சு சார், இப்படி. எவ்ளோ அழகுன்னு நீங்களே கேளுங்க."

பொறியாளர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு, "கேட்டும் ஏன் குறி போடல?" என்றார்.

"போட்டா கழட்டிடுவீங்களே."

பொறியாளர் பேனாவை எடுத்தார்.

உத்தரவு ஏப்ரல் இரண்டாம் தேதி வந்தது. பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பெல்ட்டிலிருந்து மாற்றி, சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் பம்ப் நிலையத்துக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். அக்காளுக்கு நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். காலையில் கொடியில் போட்ட துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

மாலையில் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். புது இடம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

"அங்க ரெண்டு பம்பு பக்கத்துப் பக்கத்துல ஓடுது மச்சான். ரெண்டும் ஒரே வேகம் இல்ல. கொஞ்ச நேரம் சேந்து வருது, அப்புறம் ஒண்ணு பின்னால போவுது..."

அக்காள் அடுப்படியிலிருந்து வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, மெமரி கார்டை நகத்தால் பெயர்த்தாள். முப்பத்தேழு கோப்புகளும் பதினோரு பதிவுகளும் அதில்தான் இருந்தன. அடுப்படிக்குத் திரும்பி, கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் அதைப் போட்டாள்.

"இப்ப கேளு, எப்படித் தட்டுதுன்னு."

அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரசம் கொதிப்பதைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு இடது கையால் தட்டின் விளிம்பில் மெல்லத் தட்டத் தொடங்கினார். இணைப்பு ஓர் அடி, துளி தாமதமாக 214. ஒன்பதாம் நாள் விழுந்த அதே தாமதம்.

அக்காள் குனிந்து தட்டையும் எடுத்துக்கொண்டாள்.