வீரமுத்து வீட்டுக்குப் போன கஞ்சி

மலேசியாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் அது. லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. சனங்கள் ரஹாங், சிரம்பான் என்று பட்டணத்துப் பக்கம் குடிபோய்விட்டார்கள். லயத்தில் தனியாக இருந்த கிழவி ராக்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மகன் தீபாவளிக்குப் போன் போடுவான், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே.

பேச்சுத்துணை என்றால் தோட்டத்து முகப்பில் மளிகைக்கடை வைத்திருந்த சியூ லான்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த சீனத்தி. தமிழ் சரளமாக வரும். இருவருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்றாராம் பழைய சீனத்து ஞானி ஒருவர். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவன் மனமும் பதறும், அது யாரும் கற்றுக்கொடுத்து வருவதல்ல என்பது அவர் கட்சி. சியூ லானுக்கு அவள் அப்பா சொன்னது.

"சும்மாலா," என்பாள் ராக்கம்மா. "என் வீட்டுக்காரரு காய்ச்சல்ல கெடந்தப்ப, மரத்துல பால் எடுத்து முடிச்சிட்டுப் போன்னான் வேலை வாங்குற மண்டோர் வீரமுத்து. நான் போய்ப் பாக்கையில உசுரு இல்ல. அவன் மனசு எங்க பதறுச்சு?"

"இன்னொரு ஞானியும் இருந்தாரு. மனுசன் பொறக்கையில கோணல், பழகிப் பழகித்தான் நிமுரணும்னாரு."

"அவருதான் வெவரம் தெரிஞ்சவரு."

மழை விட்ட ஒரு மத்தியானம், இந்தோனேசியத் தொழிலாளியின் பெண் குழந்தை தத்தித் தத்திக் கால்வாய்ப் பக்கம் போனது. நீர் கரையைத் தொட்டு ஓடியது. துவைத்த துணியைச் சேற்றில் போட்டுவிட்டு ராக்கம்மா ஓடினாள். சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் குழந்தை மேட்டில் விழுந்தது, அவள் கல்லில் விழுந்தாள். தாய் ஓடிவந்து ராக்கம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீக்கிரமே அந்தக் குடும்பத்தை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இடுப்பு அடிபட்டுப் படுத்தவளுக்கு சியூ லான் தினமும் கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஒன்ன யாரு ஓடச் சொன்னா? மனுசன் பொறவியிலயே நல்லவன்னு இப்பவாச்சும் ஒத்துக்க."

ராக்கம்மா கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "ஓடுனது ஒரு நிமிசம். நீ தெனம் வாறியே, அது எதுல சேத்தி?"

சியூ லான் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சில நாளு வரவே புடிக்காதுலா. முட்டி வலி. இருந்தாலும் வந்துருவேன்."

ராக்கம்மா எழுந்து நடமாடத் தொடங்கியபோது சியூ லானின் மகன் தன் அம்மாவைச் சிரம்பானுக்கு அழைத்துப் போய்விட்டான். கடையும் மூடப்பட்டது. பகல் முழுக்கப் பேச ஒரு வாய் கிடையாது.

கடைசி லயத்தில் வீரமுத்து பக்கவாதம் வந்து படுத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப்பார்ப்பார்கள். ஒருநாள் ராக்கம்மா தூக்குச்சட்டியில் கஞ்சியோடு அவன் வாசல்வரை போனாள். புருசன் காய்ச்சலில் கிடந்த நாள் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து அந்தக் கஞ்சியைத் தானே குடித்தாள்.

மறுநாளும் போனாள். உள்ளே போனாள்.

அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கோணிய வாயால், "அன்னைக்கு..." என்று தொடங்கினான்.

"அந்தப் பேச்ச எடுக்காதீங்க. ஆறிப்போவும், குடிங்க."

கரண்டியால் ஊட்டினாள். பாதி வழிந்தது; துடைத்துவிட்டாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது, கை மட்டும் வேலையைப் பார்த்தது. அவன் கண் ஓரம் நனைந்ததைப் பார்க்காதவள் போலச் சட்டியைக் கழுவினாள்.

திரும்பும் வழியில் பூட்டிய கதவுகள்தாம். அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை, நாளைக்கு அரிசியை இன்னும் குழைய விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.