ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர்

எனக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை அம்மா என் இடது காதில் பஞ்சை அடைத்து, யார் கேட்டாலும் காது வலி என்று சொல்லச் சொன்னாள். உண்மையில் நோயாளி சித்தப்பா. பொன்னமராவதியிலிருந்து அவரைப் புதுக்கோட்டைக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப் போவது தெருவுக்குத் தெரிந்தால், அவருக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுவிடும் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் நோய் என் பேரில் எழுதப்பட்டது.

சித்தப்பா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூன்று பெண்களை வேண்டாம் என்றவர். நாலாவதை அவரைக் கேட்காமலே நிச்சயம் செய்யப் போனபோது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மனம் ஆண்கள் பக்கம்தான் போகிறது, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. அன்றைக்கு, அவருக்கு ஏதோ வியாதி, அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற அளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாலைந்து நாளும் அப்பா சோற்றைப் பிசைந்தவர் பிசைந்தபடி எழுந்து போவார். அம்மா டிவியைப் போடுவாள், உடனே அணைப்பாள். சித்தப்பா செத்துப்போய்விடுவாரோ என்று நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா முதலில் தனியாக உள்ளே போனார். அப்பா உட்காரவே இல்லை. டீ வாங்கினார், பாதியில் கொட்டினார், தெரிந்த முகம் எதுவும் வருகிறதா என்று வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்த்தார். பிறகு அவரையும் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பஞ்சில்லாத காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

“ஊசி, மாத்திரை ஒண்ணுமே இல்லீங்களா?” அப்பாவின் குரல் கெஞ்சியது.

“நோய் இருந்தாத்தானே மருந்து?” என்றார் அந்த டாக்டரம்மா. “உங்க தம்பிக்கு ஒண்ணும் இல்ல. அவர் இயல்பு அது. நல்லா இருக்கார். நீங்கதான் தூங்கி நாலு நாளாச்சுங்கறீங்க. வேணும்னா உங்களுக்கு எழுதித் தாரேன்.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெளியே வந்த அப்பாவின் முகமோ பெரிய வியாதி ஒன்றைச் சொல்லிவிட்டார்கள் என்பதுபோல் கறுத்திருந்தது. நோய் இல்லை என்றதற்கு ஒரு மனிதர் இவ்வளவு கோபப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் தெரு டைலர் அக்கா ஏறி, எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தது.

“அண்ணே, புள்ளைக்குக் காதுல என்னவாம்?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னேன்: “எனக்கு ஒண்ணுமில்லக்கா. சித்தப்பாவுக்கும் ஒண்ணுமில்லயாம். நல்லா இருக்காருன்னு டாக்டர் சொல்லிட்டாங்க!”

“உங்க தம்பிக்கா? என்ன டாக்டரு?” என்று அந்த அக்கா மெதுவாகத் திரும்பியது. அப்பா என் தொடையில் கிள்ளினார். மீதி வழி முழுக்க அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தார்.

அடுத்த வாரமே சம்பந்தம் நின்றது. அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. நான் கெடுத்தது என்னவென்று யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு மாதத்தில் சித்தப்பா கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போனார். இப்போது அங்கே தன் நண்பரோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அப்பா அந்த வீட்டில் முதல்முதலாகச் சாப்பிட்டது போன வருஷம்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா எங்களை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர் என்ன சொன்னாங்கன்னு சொல்லு” என்றார். சொன்னேன். பத்தடி போனதும், “இன்னொரு தடவ சொல்லு” என்றார். தெருமுனை வரைக்கும் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். இவ்வளவு சின்ன வாக்கியம் பெரிய ஆளான சித்தப்பாவுக்கு ஏன் மனப்பாடம் ஆக மாட்டேன் என்கிறது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.