நாற்பத்தொரு பேர் குறைந்த வாக்காளர் பட்டியல்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் எண்ணிக்கை உதைத்தால் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்திருக்கிறது.

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறிய வாரம் அது. சபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைச் சனிக்கிழமை மாலை வேதக்கோயில் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் திருத்தம் கிடையாது. பெயர் இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை. பழையதில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். புதியதில் ஆயிரத்து நூற்றைந்து.

உறுப்பினர்கள் ஓர் அட்டவணை, குடும்ப அட்டைகள் இன்னோர் அட்டவணை. இரண்டையும் இணைத்துப் பெயர் எடுக்கும் கட்டளையை, அதாவது குவெரியை, நான்தான் புது நடைக்கு மாற்றியிருந்தேன். பழைய நடையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அட்டை இல்லாவிட்டாலும் ஆளை விட்டுவிடாதே என்று அர்த்தம். புதியதில் அதற்கு லெஃப்ட் ஜாயின். மூன்று தடவை பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது.

வியாழக்கிழமை செயலாளர் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"ஆயிரத்துச் சொச்சத்துல நாப்பது பேருதானவே. ஒட்டிட்டு வீட்டுக்குப் போவும்."

"நாப்பத்தொண்ணு அண்ணாச்சி."

"அந்த ஒண்ணு யாருவே, நீரா?"

உடனே போய்ப் பார்த்தேன். நான் இருந்தேன். நிம்மதி வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க, இரண்டு அட்டவணையையும் இணைக்கும் குடும்ப எண்களில் ஒட்டிக்கொண்டிருந்த இடைவெளிகளை அழித்தேன். எண்ணிக்கை அசையவில்லை. சனிக்கிழமை காலைதான், பழைய பட்டியலில் இருந்தும் புதியதில் இல்லாதவர் யார் என்று கேட்கத் தோன்றியது. நாற்பத்தொரு பெயர் வந்தது. எல்லாரும் பெண்கள்.

அச்செடுக்கும்போது, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உள்ளே வந்தார். கமிட்டிக்கு முதல் தடவையாக நிற்பவர். ஓட்டு இல்லாதவர் நிற்கவும் முடியாது. அவர் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. தாளை மறைக்கப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார்.

"இது என்ன லிஸ்டுலே? எல்லாரும் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினவங்கல்லா."

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சபையில் குடும்ப அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அவர் இறந்தால் அட்டையை எடுத்து அடக்கப் பதிவேட்டோடு சேர்த்துவிடுவோம். மகன் ஊரில் இருந்தால் அவன் பெயரில் புது அட்டை. இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு அட்டையே இல்லை. லெஃப்ட் ஜாயின் அவர்களைக் கொண்டுவரத்தான் செய்தது, அட்டை இடம் காலியாக. ஆனால் வீடு மாறியவர்களுக்கு இரண்டு அட்டை இருப்பதால், நடப்பு அட்டை மட்டும் என்று கீழே ஒரு நிபந்தனை எழுதியிருந்தேன். காலியாக இருப்பது நடப்பு ஆகாது. பழைய குவெரியில் அந்த நிபந்தனைக்கும் ஒரு நட்சத்திரம் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

டீச்சரிடம் சொன்னேன்.

"அப்ப மேல உள்ள வரி எங்களக் கூட்டிட்டு வந்துது, கீழ உள்ள வரி வெளிய போகச் சொல்லிட்டு."

"ஆமா டீச்சர்."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிபந்தனையைக் கீழிருந்து தூக்கி, இணைக்கும் வரியிலேயே சேர்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. மறுபடி ஓட்டினேன். அதே எண்தான். நான்காவது தடவை ஓட்டும்போது டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை ஒட்டினோம். அவர் பெயர் இருந்தது. அட்டையிலிருந்து வரும் வீட்டு எண் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஏலே, அதான் சரியாயிட்டுல்லா. இன்னும் ஏன் முழிக்க?"

"எண்ணிக்கை ஒத்து வந்தா ஆளும் ஒத்து வரணும்னு இல்ல டீச்சர். ஒருத்தர் விட்டுப்போயி, செத்தவங்க ஒருத்தர் உள்ள வந்திருந்தாலும் இதே எண்ணுதான் காட்டும்."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனார்.

"பைய வாசி. செத்தவங்க வந்தா நான் சொல்லுதேன்."