வாய்ப்பந்தல் அனுப்பிய பயோடேட்டா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலை போனதில்கூட அவ்வளவு தலைவலி இல்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியவரால்தான் எல்லாத் தலைவலியும். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அந்த ஏஜெண்டுக்கு மெக்கானிக்கின் மனைவி வைத்த பெயர் வாய்ப்பந்தல்.

"உங்களுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச வேலை சார்!" என்பார் ஃபோனில். போய்ப் பார்த்தால் ஓரிடத்தில் டிரைவர் வேலை, இன்னோரிடத்தில் மெத்தை விற்கும் வேலை. ஏறி இறங்குவதெல்லாம் ஒன்றுதான் என்று அவருக்கு நினைப்போ என்னவோ.

மெக்கானிக் கேட்டது பகல் வேலை. மனைவி இரவு நர்ஸ். அவரும் இரவில் கிளம்பிவிட்டால் மூச்சிரைப்புள்ள மகளுக்கு யார் துணை? இதை வாய்ப்பந்தலிடம் படித்துப் படித்துச் சொல்லியாயிற்று. "குறிச்சுக்கிட்டேன் சார்" என்பார். தண்ணீரில்தான் குறித்திருப்பார்.

"இந்தாளை நம்பி உக்காந்திருந்தா அதோகதிதான். வேற ஆளைப் பாருங்க" என்று மனைவி ஒரு நாள் வெடித்தாள்.

அடுத்த ஏஜெண்டின் அறை செருப்புக் கடைக்கு மேலே. படியெல்லாம் புதுத்தோல் வாசம். அங்கிருந்த அம்மாள் சிரிக்கவில்லை. எடுத்த எடுப்பில் கேட்டார்:

"எந்த வேலைக்குப் போகமாட்டீங்க?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"ராத்திரி வேலை மட்டும் வேணாங்க மேடம்."

"ஆபீஸ் கட்டடம் ஒண்ணுல லிஃப்டுக்கு ஆள் கேக்கறாங்க. பகல் மட்டும். வேற ஏஜெண்ட் யார்கிட்டயாவது பயோடேட்டா குடுத்திருக்கீங்களா? மறைக்காதீங்க."

வாய்ப்பந்தலைச் சொன்னார். அம்மாள் அந்தக் கட்டடத்துக்கு ஃபோன் போட்டார். பேசி வைத்தபோது முகம் சுண்டியிருந்தது.

"உங்க பயோடேட்டா ஏற்கெனவே அங்க இருக்கு. ராத்திரி வேலைக்குச் சம்மதம்னு போட்டிருக்கு."

"என்னைக் கேக்கவே இல்லையே மேடம்!"

"கேட்டிருந்தா நீங்க ஏன் இங்க வரப்போறீங்க? ஒரே ஆளை ரெண்டு ஏஜெண்ட் அனுப்பினா, கமிஷன் சண்டை நமக்கெதுக்குன்னு ஆளையே ஒதுக்கிடுவாங்க. முதல்ல அவர் வாபஸ் வாங்கணும். அப்புறம்தான் நான் அனுப்புவேன்."

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்துவிட்டானே பாவி! மெக்கானிக் அங்கேயே நின்று வாய்ப்பந்தலுக்கு ஃபோன் போட்டார்.

"சார்! உங்களைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"நெனச்சது போதும். என் பயோடேட்டாவை வாபஸ் வாங்குங்க."

"பண்ணிடலாம் சார். அதுக்குள்ள ஏசி ரூம் வேலை ஒண்ணு, உங்களுக்குன்னே..."

எப்போதும் "சரிங்க" என்று வைத்துவிடுகிறவர், இந்த முறை பாதியிலேயே ஃபோனை அணைத்தார்.

"இவர் ஆயுசுக்கும் வாங்கமாட்டார் மேடம்."

"அப்ப நீங்களே அவங்களுக்கு எழுதுங்க. உங்க பயோடேட்டா, உங்க பேச்சுதான் செல்லும்."

எழுதினார். 'அந்த ஏஜெண்டை நான் அனுப்பச் சொல்லவில்லை. இரவு வேலைக்கு வரமாட்டேன். இனி இந்த அம்மாள் மூலமாகவே பேசுவேன்.' அனுப்பிவிட்டு, கீழே செருப்புக் கடைக்காரர் பேரம் பேசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்குமேல் பதில் வந்தது. அம்மாள் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு வந்து பாக்கச் சொல்றாங்க. வேலை கெடச்சிடுச்சுன்னு வீட்ல சொல்லிடாதீங்க."

"பகல்தானே மேடம்?"

"பகல்தான்."

"ராத்திரி ஒண்ணும்..."

"அய்யோ, பகல்தாங்க! போய்ச் சட்டையை இஸ்திரி போடுங்க."