மகாராஜனின் எதிரி நாடு

போடிநாயக்கனூர் மகாராஜனுக்குப் பங்காளிகளோடு பகை கிடையாது. பக்கத்து வீட்டோடு கிடையாது. மாமனார் வீட்டோடுகூடக் கிடையாது என்றால் ஆளைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஐம்பதை நெருங்கும் அந்த நல்ல மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் எதிரிதான். அது ஒரு நாடு. குவாத்தமாலா.

அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அவர் வாய்க்கு வந்த திசையில் கையைக் காட்டுவார். அது முக்கியமில்லை. போடியில் ஏலக்காய் விலை ஏறினால் அது வியாபாரியின் சாமர்த்தியம், இறங்கினால் குவாத்தமாலாக்காரனின் சதி. அங்கேயும் ஏலக்காய் விளைகிறது, அரபு நாட்டுக்காரனுக்கு அவன் பாதி விலைக்கு அள்ளிக் கொடுக்கிறான் என்பது டீ குடிக்க வருகிற பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மழை பெய்யாத வருஷத்தில்கூட, "எல்லாம் அந்தக் குவாத்தமாலாக்காரன் பண்ற வேல" என்று பெருமூச்சு விட்ட பெரியவர்கள் உண்டு.

மகாராஜனின் வழக்கு இன்னும் சொந்தமானது. போடிமெட்டுக்கு மேலே குத்தகைக்கு ஏலத்தோட்டம் எடுத்திருந்தார். மருந்தடிக்க வேண்டிய பருவத்தில் மச்சினன் கல்யாணம் வந்தது. போனவர் மறுவீடு, கறிவிருந்து, அந்தக் கறிவிருந்துக்குப் பதில் கறிவிருந்து என்று தங்கிவிட்டார். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய பருவத்தில் தேர்தல் வந்தது. செடிகளுக்கு இந்த நியாயமெல்லாம் புரியவில்லை. அழுகியது பாதி, காய்ந்தது பாதி. அந்த வருஷம் விலையும் விழுந்தது. தோட்டத்தை விட்டுவிட்டு ஜீப்பில் கீழே இறங்கியபோது, தன்னைக் கவிழ்த்தது யார் என்பதில் மகாராஜனுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஈஸ்வரிக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது. "மருந்தடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"ஒனக்கு உலக வியாபாரம் தெரியாது, சும்மா வா" என்றார் மகாராஜன்.

இப்படிச் சர்வதேச அரசியலால் பாதிக்கப்பட்டவருக்குச் சர்வதேசப் பள்ளியிலேயே வேலை கிடைத்ததை விதி என்றுதான் சொல்ல வேண்டும். குரங்கணி போகிற ரோட்டில், ஏலக்காய் வியாபாரி காசிராஜன் தன் பெயரிலேயே கட்டி, தன் கையாலேயே திறந்து வைத்த 'காசிராஜன் இன்டர்நேஷனல் ஆண்கள் உறைவிடப் பள்ளி'யில் மகாராஜன் வார்டன், ஈஸ்வரி சமையல். ஹாஸ்டலுக்குப் பின்னால் குடியிருக்க ஓட்டு வீடு.

அந்த 'இன்டர்நேஷனல்' வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஏதோ கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, காசிராஜன் ஒரு கணக்குப் போட்டார். துகள் வந்தால் வெள்ளைக்கார விஞ்ஞானி வருவான். விஞ்ஞானி வந்தால் பிள்ளை குட்டியோடு வருவான். பிள்ளை படிக்க வேண்டாமா? உடனே போர்டு எழுதிவிட்டார். துகளும் வரவில்லை, விஞ்ஞானியும் வரவில்லை. போர்டு மட்டும் வெயிலில் நின்றது. வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லாமல் எப்படி இன்டர்நேஷனல் என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

காசிராஜன் அசரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டா மாஸ்டராக இருந்த நேபாளியின் மகனை இலவசமாகச் சேர்த்தார். விசேஷ நாட்களில் தலையில் அவர்கள் ஊர்க் குல்லா வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அடுத்து, மஸ்கட்டில் அப்பா வேலை பார்க்கிற முத்துக்கண்ணன். சொந்த ஊர் தேவாரம். பஸ்சில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். இருந்தாலும் விளம்பரத்தில் அவன் 'ஓமன் நாட்டு மாணவன்' ஆனான். மலையில் காய் எடுக்க வந்திருக்கிற ஜார்க்கண்ட் ஆட்களின் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்கலாமா என்று காசிராஜன் கொஞ்ச காலம் யோசித்ததாகக் கேள்வி.

மூன்றாவதாகத்தான் அசல் சரக்கு வந்தது. துபாயில் ஏலக்காய்க் கம்பெனியில் இருக்கும் காசிராஜனின் மச்சினன், தங்களுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு விவசாயியின் மகனைப் பிடித்து அனுப்பிவைத்தார். சல்லிசாக இங்கிலீஷ் கற்றுக்கொள்ளலாம் என்று அந்தத் தகப்பனை நம்பவைத்திருந்தார். பையன் பெயர் வில்மர். ஒன்பதாம் வகுப்பு. மாநிறம், கட்டை குட்டை, படிய வாரிய தலை. பார்த்தால் நம்மூர்ப் பையன் மாதிரியே இருந்ததில் காசிராஜனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"எந்த ஊரு மொதலாளி பையன்?" என்று கேட்டார் மகாராஜன்.

காசிராஜன் அறைக்கதவைச் சாத்தினார். "குவாத்தமாலா."

"குவாத்தமாலாவா!" என்று கூவினார் மகாராஜன்.

"கத்தித் தொலைக்காதய்யா. வெளிய அமெரிக்கான்னு சொல்லு. அந்தக் கண்டத்துலதான இருக்கு? இங்க படிக்கிறதுல பாதிப் பேரு ஏலக்காய் வியாபாரி மக்கள். குவாத்தமாலான்னு தெரிஞ்சுது, ராவோட ராவா பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருவானுக. அந்தப் பய வாயில குவாத்தமாலான்னு வந்துச்சுன்னா, மகாராஜா, ஒனக்கும் ஒன் சம்சாரத்துக்கும் அன்னைக்கே சோலி முடிஞ்சுது. வீட்டுச் சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிர வேண்டியதுதான்."

ஈஸ்வரி இதைக் கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "இந்தச் சோலியும் போச்சுன்னா அடுத்து எந்த நாட்டத் திட்டப் போறீக?"

ஆக, வெளியே அமெரிக்கா, உள்ளே பரம எதிரி. மகாராஜன் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டியதாயிற்று. ஹாஸ்டல் வார்டன் கையில் இருக்கும் ஆயுதங்கள் வெந்நீர், சட்னி, ஞாயிற்றுக்கிழமைக் கறி. மூன்றையும் பிரயோகித்தார். வில்மர் வாளிக்கு வெந்நீர் ஆறிய பிறகு போனது. பையன் அருவியில் குளிக்கிற மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தான். சட்னி அவன் இலைக்கு வரும்போது தீர்ந்தது. அவன் ஈஸ்வரியிடம் பச்சை மிளகாய் வாங்கிக் கடித்துக்கொண்டு ஆறு இட்லி சாப்பிட்டான். கறியில் எலும்பு விழுந்தது. அதைத்தான் அவன் விரும்பி உறிஞ்சினான். தோற்கடிக்கிறோம் என்று தெரிவிக்கவே முடியாத எதிரியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

பெரிய அதிர்ச்சி டீயில் வந்தது. நல்ல ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை ஒரு வாய் குடித்த வில்மர் முகத்தைச் சுளித்தான். அதற்குள் ஹாஸ்டல் பையன்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். அப்பா காசு கட்டியது இங்கிலீஷுக்கு. வந்து சேர்ந்தது போடித் தமிழ்.

"இதுல எதுக்கு சார் ஏலக்காயப் போட்டீக?"

"பெறகு? நீங்க போட மாட்டீகளா?"

"எங்க ஊர்ல யாரும் திங்க மாட்டோம் சார். வெளைய வச்சு மூட்டையில கட்டி ஏத்தி விட்ருவோம். அது அரபிக்காரக திங்கிறது."

மகாராஜன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சந்தையைக் கெடுத்தான், சரி. விலையைக் கெடுத்தான், சரி. ஒரு டீயில்கூடத் தட்டிப் போடாதவனா என் தோட்டத்தை வாயில் போட்டான்? அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை. ஈஸ்வரி வற்புறுத்தவும் இல்லை.

இந்த நிலையில் ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் பால்சாமி. வியாபாரிகளில் மூத்தவர், எந்த மேடையிலும் குவாத்தமாலாவைத் திட்டாமல் இறங்காதவர். பேத்தி காதுகுத்திலேயே திட்டியிருக்கிறார். வெளிநாட்டு மாணவர்களுக்கு அவர் கையால் ஏலக்காய் மாலை போட்டு மரியாதை செய்வது, வில்மர் மைக்கில் "ஐ ஆம் ஃப்ரம் அமெரிக்கா, ஐ லவ் போடி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது என்று ஏற்பாடு.

மகாராஜன் ஒரு வாரம் பழக்கினார். "நீ எந்த ஊரு?"

"அமெரிக்கா சார்."

"அமெரிக்காவுல எங்க?"

"அத மட்டும் சொல்லக் கூடாது சார்."

"அதையும் சொல்லக் கூடாதுடா, வெளங்காதவனே!"

விழா நாளில் பந்தல் நிறைந்திருந்தது. முன் வரிசை முழுக்க வெள்ளை வேட்டி வியாபாரிகள். பால்சாமி வழக்கம்போல ஆரம்பித்தார். நம்மூர்க் காய்க்கு உலகத்தில் ஈடு கிடையாது, மணமில்லாத குவாத்தமாலாக் காயை நாய்கூட மோந்து பார்க்காது, அதை ஒரு வியாபாரி தொடுவது பெற்ற தாயை விற்பதற்குச் சமம் என்று சொல்லி முடித்தபோது கைதட்டல் ஓயவில்லை. எல்லாரையும்விட அதிக நேரம் தட்டியவர், மேடையில் தாம்பாளத்தோடு நின்ற மகாராஜன்.

மாலைகள் கழுத்தில் விழுந்தன. குல்லா போட்ட நேபாளப் பையன் கும்பிட்டான். 'ஓமன்' முத்துக்கண்ணன், கூட்டத்தில் இருந்த சித்தப்பாவைப் பார்த்துக் கையாட்டினான். வில்மர் முன்னால் வந்தான். பால்சாமி பச்சைப் பசேலென்று மாலையைப் போட்டார். மகாராஜன் மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"ஐ ஆம் ஃப்ரம்..."

பையன் நிறுத்தினான். மூக்கைச் சுருக்கினான். மாலையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சார், இது எங்க காயி! எங்க ஊர்ல வெறகு மூட்டிக் காய வைக்கிற பொக வாசம் சார்! எங்கப்பா சட்டையில இதே வாசந்தான் வரும். குவாத்தமாலாக் காயி சார்!"

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. குரங்கணி மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

காசிராஜன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து அப்படியே நின்றார். மகாராஜனுக்கு ஓட்டு வீட்டுச் சாவி கண்முன் வந்து ஆடியது. ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சோலி போனது போனதுதான். ஆனால் அந்தப் பதற்றத்திலும் அவருக்குள் இருந்த பழைய போடிக்காரன் பொங்கினான். பால்சாமி அண்ணன் கையால் போட்ட மாலையைப் பற்றி இப்படிச் சொல்லலாமா? மைக் தன் கையில் இருப்பதை மறந்து கத்தினார்:

"என்னடா ஒளற்ற? பால்சாமியண்ணன் குடோன்ல இருந்து வந்த மாலை இது! அவரு குடோனுக்குக் குவாத்தமாலாக் காயி எப்படிடா வரும்?"

மகாராஜன் இதைச் சத்தியமாக நம்பித்தான் கேட்டார். ஆனால் போடியில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் மைக் வைத்துக் கேட்டதில்லை.

முன் வரிசையில் ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்து, வராத அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டார். பையன் குவாத்தமாலாக்காரன் என்று பாய வேண்டுமானால், அவன் மோந்து பார்த்துச் சொன்னது சரி என்றாகிவிடும். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் மாதிரி, யார் குடோனில் எவ்வளவு கலப்பு என்பது முன் வரிசையில் எல்லாருக்கும் தெரியும்; எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியக் கூடாது.

பால்சாமி அனுபவஸ்தர். மைக்கைப் பிடுங்கினார். "ஆகா! அமெரிக்காவுல பெறந்த பிள்ள என்னமாத் தமிழ் பேசுது பாத்தீகளா!"

முன் வரிசை எழுந்து நின்று தட்டியது. அப்படியொரு கைதட்டலை அந்தப் பள்ளி அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை. வில்மர் அன்றுமுதல் ஏகமனதாக அமெரிக்கன்.

விழா முடிந்ததும் மகாராஜன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு காசிராஜன் முன்னால் போய் நின்றார்.

"அத உள்ள வையி. நீ எங்கயும் போகாத. அந்தப் பயலும் எங்கயும் போகக் கூடாது" என்றார் காசிராஜன். "பால்சாமி தன் பேரனையும் நம்ம ஸ்கூல்லயே சேக்குறேன்னுட்டாரு. அவன் அமெரிக்காக்காரனா இருக்குற வரைக்கும் ஊர்ல நெறையப் பேருக்கு நிம்மதி. நல்லாப் பாத்துக்க."

வேலை தப்பியது. ஆனால் மகாராஜனுக்கு நிம்மதி போய்விட்டது. இரண்டு நாள் கழித்து விலை இறங்கியது. டீக்கடையில், "குவாத்தமாலாக்காரன் கெடுத்துட்டாம்ப்பா" என்றார்கள். பழக்கத்தில் வாயைத் திறந்தவர் டீயை ஊற்றி மூடிக்கொண்டார். பால்சாமியைத் திட்டலாம் என்றால் அவருடைய பேரன் ஹாஸ்டலில் இருக்கிறான். திட்ட ஆளில்லாத மனிதன் எவ்வளவு அநாதை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஹாஸ்டலுக்கு வந்தவர் சமையல்கட்டு வாசலில் வில்மரைப் பிடித்தார். "ஏண்டா, ஒங்க ஊர்ல வெல விழுந்தா யாரத் திட்டுவீக?"

"இந்தியாக்காரனத்தான் சார். எங்கப்பா தெனமும் திட்டுவாரு. ஒரு வருசம் எங்க தோட்டமே அழிஞ்சு போச்சு. அதுக்கும் இந்தியாக்காரந்தான் காரணம்னாரு."

மகாராஜன் நிமிர்ந்து நின்றார். கடல் தாண்டி ஒருவன் தன்னைத் தினமும் நினைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய கௌரவம்! "தோட்டம் எப்படிடா அழிஞ்சுது?"

"மருந்தடிக்கல சார்."

"ஏன் அடிக்கல?"

"எங்கப்பா எங்க மாமா கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

மகாராஜன் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஈஸ்வரி, இவனுக்கு ஞாயித்துக்கெழம கறியில எலும்பப் போடாத, நல்ல துண்டாப் போடு" என்றார்.

உள்ளே கரண்டி சத்தம் நின்றது.

"போடுறேன், போடுறேன்" என்றாள் ஈஸ்வரி. "அந்தப் பிள்ளையோட அம்மா போன் நம்பர வாங்கி வைங்க. நானும் அந்தப் பொம்பளையும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."