என்ஜினை இறக்கச் சொன்ன சண்முகம்

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து என் காரில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தமும் டகடகவென்று வேகமெடுக்கும்.

இன்று மூன்றாவது முறையாக, இங்கே மைசூரில் இருக்கும் மெக்கானிக் சண்முகத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

பானெட்டைத் திறந்தார். பூஜையன்று அவரே பேட்டரியைச் சுற்றிக் கம்பியால் கட்டிய சாமந்தி மாலை காய்ந்து தொங்கியது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் காதைச் சாய்த்து சத்தத்தைக் கேட்டார்.

"டைமிங் செயின் போயிருச்சுங்க சார். என்ஜின எறக்கித்தான் பாக்கோணும்."

"அந்த மாலைக்குப் பின்னால பாத்தீங்களா?"

"அது சாமி மாலைங்க சார்!"

மூன்று முறையும் இதே கும்பிடு, இதே தீர்ப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை அணைத்துவிட்டு மாலையில் கை வைத்தேன். "பேடா சார், பேடா! வேண்டாங்க!" என்று பதற்றத்தில் கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். தூக்கிப் பார்த்தால், கம்பியின் நுனி பெல்ட் ஓடும் சக்கரத்தில் தட்டித் தட்டிப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பிய்த்து எறிந்தேன். ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை.

ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று பார்த்தேன்.

"பூஜை மாலையப் பிச்சுப் போட்டுட்டீங்க. இனி வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையக் கேக்காதீங்க சார்."

சத்தியமாகக் கேட்க மாட்டேன்.

மைசூரில் சாமி கும்பிடாத மெக்கானிக் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பூஜையை நானே போட்டுக்கொள்கிறேன்.